வீட்டில் பேசுகிற மாதிரியே

நேற்று எங்களுக்குப் புது ஃபிரிட்ஜ் வந்தது. பெட்டியைப் பிரித்த ஆட்கள் உள்ளே இருந்த தெர்மகோல் பலகைகளை வாரிக்கொண்டு போகப் பார்த்தார்கள். "அத வச்சிட்டுப் போங்கப்பா" என்றேன். எதற்கு என்று என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. ஒரு பலகையை எடுத்து ஜன்னலுக்கு நேராகச் சாய்த்துப் பிடித்தார். என் முகத்தில் வெளிச்சம் விழுந்தது. "இன்னும் கொஞ்சம் மேல அங்கிள்" என்று சொல்ல நீதான் இல்லை.

தெலுங்கு ஊரான லாலாகுடாவில், ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் நீ. உன் அப்பாவுக்கும் அங்கிளுக்கும் ஒரே ரயில்வே ஒர்க்‌ஷாப். நீ மாதாப்பூரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனாய். கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு நீ பஸ்ஸுக்கு நடக்கும்போது குவார்ட்டர்ஸ் லைன் முழுக்கப் பெருமையாகப் பார்க்கும். ஒரு நாள் அட்டை இல்லாமல் வந்து என் வாசலில் நின்றாய்.

"ஆன்ட்டி, உங்க கிச்சன் வேணும். படம் எடுக்கப் போறேன்."

"எடுத்துக்கோ. நான் என்ன அடுக்களையத் தலையில தூக்கிட்டா போப்போறேன்?"

"நீங்களும் வேணும். உங்க வீட்டுத் தம்பியும் வேணும்."

"ஏட்டி, அப்போ வேல?"

"விட்டுட்டேன் ஆன்ட்டி."

அன்று உங்கள் வீட்டில் நடந்த ரகளை சுவர் தாண்டிக் கேட்டது. ஊரில் ஒரு திரைப்படச் சங்கம் புதியவர்களின் குறும்படங்களைத் திரையிடப் போகிறது, அதில் உன் படம் வந்தால் யாராவது ஒரு டைரக்டரிடம் சேர்ந்துவிடலாம் என்பது உன் எண்ணம். வராவிட்டால் பேசாமல் ஆபீசுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது உன் அப்பாவின் கட்டளை. நீயும் சரி என்றிருந்தாய்.

கதையைக் கேட்டேன். "பையன் அமெரிக்கா போறான். எப்போ திரும்பி வருவன்னு அம்மாவுக்குக் கேக்கணும்னு இருக்கு. கடைசி வரைக்கும் கேக்கல. அவ்ளோதான்" என்றாய். இதற்கு ஒரு படமா என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் என் மகனுக்கு அப்போதுதான் விசா வந்திருந்தது. அந்தக் கேள்வியை நானும்தான் கேட்கவில்லை. நீ என் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கதை எழுதினாய் என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

வாடகைக்கு எடுத்து வந்த சின்ன கேமராவை நீ தூக்கியபோது உன் கை நடுங்கியதைப் பார்த்தேன். நீயும் பார்த்தாய். அலட்டிக்கொள்ளாமல் என் அரிசி டின்னை இழுத்து, அதன் மேல் கேமராவை வைத்தாய். நடுக்கம் நிற்கட்டும், பிறகு தொடங்கலாம் என்று நீ காத்திருக்கவில்லை. எனக்கு இன்றுவரை பிரமிப்பு அதில்தான்.

நான் டிவி அம்மாக்களைப் போல இழுத்து இழுத்துப் பேசினேன். நீ கையெடுத்துக் கும்பிட்டாய். "நக்கோ ஆன்ட்டி, வேணாம்! நேத்து தம்பியத் திட்டினீங்களே, அப்படிப் பேசுங்க. வீட்ல பேசுற மாதிரியே."

எங்கள் வீட்டுப் பேச்சு உனக்குத் தெரியும். நான் திருநெல்வேலித் தமிழில் கேட்பேன், மகன் தெலுங்கில் பதில் சொல்வான். அவனுக்குத் தமிழ் புரியும், பேசக் கூச்சம். எனக்குத் தெலுங்கு புரியும், பேசக் கூச்சம். அப்படியே இருபது வருஷத்தை ஓட்டியிருந்தோம்.

"ஏலே, சாப்டியா?" என்றேன்.

"தின்னானம்மா" என்றான். சாப்பிட்டாயிற்றாம்.

"இன்னொரு தோச?"

"ஒத்தம்மா." வேண்டாமாம். தட்டை வைத்துவிட்டு எழுந்தான். நான் பேசாமல் அடுப்பைத் துடைக்க வேண்டும், படம் அதோடு முடிய வேண்டும். என்ன வந்ததோ எனக்கு, "எப்பம்ல திரும்பி வருவ?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் அப்படியே நின்றான். "தெரியல அம்மா" என்றான், தமிழில். "எனக்கு... பயமா உண்டு."

எங்கள் முகத்தில் வெளிச்சம் விழுவதற்காகத் தெர்மகோல் பலகையைப் பிடித்திருந்த அங்கிளின் கை இறங்கிவிட்டது. நீ கட் சொல்லவே இல்லை. பிறகு நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உன் கதையைக் கெடுத்துவிட்டேனே, மறுபடி எடுக்கலாமா என்று கேட்டபோது, "என் கதைய விடுங்க ஆன்ட்டி, இதான் படம்" என்றாய். மாதக்கணக்கில் தூக்கிச் சுமந்த முடிவை அப்படிச் சட்டென்று தூக்கிப் போட எத்தனை பேருக்கு மனசு வரும்?

சங்கத்துக்காரரைப் பார்க்க என்னையும் கூட்டிப் போனாய். மனிதர் முழுப் படத்தையும் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் தமிழும் தெலுங்குமாகக் கலந்து கிடந்தால் கூட்டத்துக்குப் புரியாது, எல்லாவற்றையும் தெலுங்கில் டப் செய்து வந்தால் போடுகிறேன் என்றார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. செய்துவிடேன் என்று உன் முழங்கையை இடித்தேன்.

"முழுக்கத் தெலுங்குன்னா, அந்தப் பையன் கடைசில என்ன சார் பண்ணினான்?" என்று கேட்டாய். அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அவன் தமிழுக்கு வந்ததுதானே படம். நன்றி சொல்லிவிட்டு டேப்பை எடுத்துக்கொண்டாய்.

பஸ்ஸில் நீ அழுதாய். அழுதுகொண்டே, ரயில்வே கம்யூனிட்டி ஹால் எந்த ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும் என்று என்னிடம் கேட்டாய்.

தார்நாகாவில் ஒரு ட்யூஷன் சென்டரிலிருந்து புரொஜெக்டர் வந்தது. ஜன்னல்களை எங்கள் வீட்டுப் போர்வைகளால் மூடினோம். காலை டிபனை முடித்துவிட்டு லைனே வந்து உட்கார்ந்தது. முதல் தோசைக்கே சிரிக்க ஆரம்பித்தார்கள். மகன் தமிழில் பேசிய அந்த இடத்தில், தமிழ் ஒரு வார்த்தை தெரியாத எதிர்வீட்டு லட்சுமி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முன்னால் இருந்த அம்மாக்கள் எல்லோரும் திரும்பி, கதவோரம் நின்ற தங்கள் பையன்களைப் பார்த்தார்கள். அந்த முகங்களை நான் மறக்க மாட்டேன். நம் அடுக்களையை வைத்து இந்தப் பெண் என்ன செய்துவிட்டாள் என்று மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

எந்த டைரக்டரும் அங்கே வந்திருக்கவில்லை. நாற்காலிகளை மடக்கும்போது உன் அப்பா மெதுவாகப் பக்கத்தில் வந்தார். ஆபீஸ் பேச்சுதான் எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். "ஏம்மா, அடுத்த படத்துக்கு நம்ம வூட்டு கிச்சன் ஆவாதா?" என்றார்.

அந்த அடுக்களையிலும் ஒன்று எடுத்தாய். அடுத்ததற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தபோது நோய் வந்தது. ஆஸ்பத்திரியிலும் பக்கத்துக் கட்டில் அம்மா மருமகளோடு சண்டை போடும் அழகை எனக்குக் காட்டிக் காட்டிச் சிரித்தாய். எங்களை விட்டுப் போனபோது உனக்கு முப்பத்தைந்துகூட ஆகவில்லை. அநியாயம் அது, வேறு என்ன சொல்ல?

என் மகன் அமெரிக்காவிலேயே இருந்துவிட்டான். மருமகள் தெலுங்குப் பெண், பேத்திக்குத் தெலுங்கும் இங்கிலீஷும்தான். இந்த வயதில் நான் அவளிடம் போனில் தெலுங்கு பேசுகிறேன். ஆணைப் பெண்ணாக்குகிறேன், நேற்றை நாளையாக்குகிறேன். அங்கிள் தலையில் அடித்துக்கொள்கிறார். கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பேசுகிறேன். போன வாரம் ஒரு கதை சொன்னேன், பாதி தப்பு. குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்து முடித்துவிட்டு போனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து, "நானம்மா, மள்ளீ செப்பு" என்றது. மறுபடி சொல்லு பாட்டி என்கிறது.

மறுபடி சொன்னேன்.