எங்கள் உயரத்துக்குச் செய்த துவக்கு

என் அன்பு மச்சான் சிவத்துக்கு,

நீ போய் எட்டு மாதமாகிறது. உன் அஞ்சலிக் கூட்டத்தில் நான் சொன்ன நல்ல வார்த்தைகள் எல்லாம் உண்மைதான். ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டேன். நான்கு வருடமாக எனக்கு உன்மேல் பொறாமை. இன்னும் தீரவில்லை.

அந்தத் துவக்கைக் கண்டுபிடித்தது நான். அதை முதலில் ஒத்துக்கொள். வேட்டைச் சாமான் விற்கும் கடையின் அறிவிப்புப் பலகையில், பக்கத்து ஊரான விட்பியிலிருந்த ஒரு கிழவர் கையால் எழுதி ஒட்டியிருந்தார்: மான் வேட்டைத் துவக்கு, ஐந்தடி நான்கு அங்குல ஆளுக்கு அளவெடுத்துச் செய்வித்தது. இதில் என்ன விசேஷம் என்று இதை வாசிப்பவர்கள் கேட்கலாம். ஓர் உதாரணம் சொல்கிறேன். இங்கே கடையில் கோட் வாங்கினால் கை எங்கள் விரல் நுனிவரை வருமல்லவா? கடைத் துவக்கில் தோளில் வைக்கும் கட்டையும் அப்படித்தான். வெட்டிக் குறைக்கலாம்; ஆனால் பிறகு பாரம் முன்பக்கம் சாய்ந்துவிடும். எங்கள் உயரத்துக்கே பிறந்த துவக்கு ரொறன்ரோவில் எத்தனை தரம் விலைக்கு வரும்?

உன்னை ஏன் கூட்டிப்போனேன்? என்னிடம் கார் இல்லை. துவக்கோடு பஸ்ஸில் ஸ்காபரோவுக்குத் திரும்ப முடியுமா? நாங்கள் புறப்படும்போது என் தங்கை, உன் மனைவி வசந்தி, வாசலில் நின்று கத்தியது நினைவிருக்கிறதா?

"துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம், இப்ப அதைத் தேடிப் போகுது. அண்ணை, உங்களுக்கு விசரோ?"

"ஓம், ரெண்டு பேருக்கும்தான். கதவைச் சாத்து, குளிருது" என்றாய் நீ.

கிழவருக்குக் கண்ணில் படலம் விழுந்துவிட்டதாம், அதனால்தான் விற்கிறாராம். உள்ளே போய்த் துவக்கைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். நான் இரண்டு கையாலும் வாங்கி, தலைகுனிந்து, கண்ணில் ஒற்றிக்கொண்டேன். முப்பது வருடம் படிப்பித்தவன் நான். வயதில் மூத்தவர் ஒரு பொருளைத் தந்தால் என் கை என்னைக் கேட்காமலே அப்படித்தான் செய்யும். செய்திருக்க வேண்டியது வேறு. முதலில் குண்டு போடும் பூட்டைத் திறந்து, உள்ளே குண்டு இல்லை என்று பார்க்க வேண்டும். துவக்குப் பயிற்சி வகுப்பின் முதல் பாடம் அது. சோதனைக்கு முதல்நாள் குசினியில் தும்புத்தடியைத் துவக்காக வைத்து அதை உனக்குச் சொல்லித்தந்தது யார்?

கிழவரின் முகம் மாறியது. என்னிடமிருந்து வாங்கி உன்னிடம் கொடுத்தார். நீ ஒற்றைக் கையால் வாங்கி, பூட்டைப் பின்னால் இழுத்து, உள்ளே எட்டிப் பார்த்தாய். "இவருக்கென்றால் தருகிறேன்" என்றார் கிழவர். அது எங்கள் வழக்கம் ஐயா, மரியாதைக்காகச் செய்தது என்றேன். "உங்கள் மரியாதை துவக்குக்குத் தெரியாதே" என்றார்.

வரும் வழியில் நீ சொன்னாய்: "கவலைப்படாத மச்சான். நீ கும்பிடு, நான் சுடுறன்."

ஏன் சிவம், எனக்கு வேண்டாம், இவருக்கே கொடுங்கள் என்று ஒரு சொல் சொல்ல உனக்கு வாய் வரவில்லையா?

ஒவ்வொரு நவம்பரும் மான் இறைச்சி கொண்டுவந்தாய். முத்தல் இறைச்சி என்று வீட்டில் குறை சொல்லிக்கொண்டே இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டேன்.

போன கிழமை வசந்தி என்னை பேஸ்மென்ற்றுக்குக் கூப்பிட்டு துவக்கு இருந்த அலுமாரியைத் திறந்தாள். "அண்ணை, இதை என்ன..."

"நான் எடுக்கிறன்" என்றேன், அவள் முடிப்பதற்குள்.

அவள் என்னைப் பார்த்தாள். "செத்தவீட்டிலயும் நீங்கள் உந்த அலுமாரியைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

அவள் சொன்னது உண்மை.

"அவருக்கும் தெரியும்" என்று சிரித்தாள். "'உன்ர கொண்ணர் வந்தா அலுமாரியைப் பூட்டு, கண்ணாலயே தூக்கிக்கொண்டு போயிடுவார்' எண்டு சொல்லுவார்." பிறகு அங்கேயே படியில் இருந்து அழுதாள்.

சனிக்கிழமை சுடும் திடலுக்குப் போனேன். கட்டை தோளில் வந்து உட்கார்ந்த விதத்தை உனக்குச் சொல்லத் தேவையில்லை. ஐந்தாவது வெடி இலக்கின் நட்டநடுவில் பட்டது. உடனே பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். யாரோ ஒரு பெரிய மனிதர் பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான்கு வருடமாக நான் ஆசைப்பட்டது இந்த வெடிக்குத்தான். அதை நீ நின்று பார்க்க வேண்டும் என்பதற்குத்தான். துவக்கு கிடைத்துவிட்டது. வயிறெரிய நீ இல்லை.

இந்த நவம்பரில் வடக்கே காட்டுக்குப் போகிறேன். மான் விழுந்தால் அதன் கொம்பையும் சுட்ட தூரத்தையும் கொஞ்சம் கூட்டியே உனக்கு எழுதுவேன். இது சத்தியம். நீ அங்கேயிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு வாசி. இனி உன் முறை.

வசந்தியின் அண்ணன்,
உன் ஒரே மச்சான்