மெழுகுவர்த்திச் சூடு பட்ட தொட்டி

ரெனாத்தா, எழுந்துட்டியா, தலைவலி தேவலையா? உங்கப்பா இறந்த ஒன்பதாம் நாள் செபத்துக்குப் பூ வாங்க சோச்சிமில்கோ சந்தைக்குப் போறேன். அடுப்புல தமாலே இருக்கு, சாப்பிடு.

அப்பா கடைசியா வாங்கின ஆக்ஸலோட்டல், அதான் தொட்டியில இருக்கிற அந்த நீர்ப்பல்லி, மூணு நாளா எதுவும் தின்னல. தப்பு என்னுதுதான். செபத்துக்கு ஏத்தின மெழுகுவர்த்தியெல்லாம் தொட்டிகிட்டயே வச்சுட்டேன், தண்ணி சூடாயிடுச்சு. அதுக்கு ஜில்லுன்னு இருக்கணுமாம். இப்போ தொட்டியைக் கொல்லைப்பக்கம் நிழல்ல வச்சிருக்கேன். மத்தியானம் அதுக்குள்ள இருக்கிற ஐஸ் பாட்டிலை மாத்திப் போடு. குழாய்த்தண்ணி ஊத்தாதே, நேத்துப் பிடிச்ச வாளித்தண்ணியை ஊத்து. மண்புழு ஒண்ணு குடு. உன் பிள்ளைங்க கண்ணாடியைத் தட்டப் போறாங்க, பாத்துக்கோ.

"எங்க தாத்தா இதைப் பிடிச்சுத் தின்னாரு, நான் ஊட்டி வளர்க்கிறேன்"னு சிரிச்சாரே அப்பா.

"ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டியாம்மா"ன்னு நேத்து கத்தினே. வரலடி. என்ன பண்ண?

மறந்துட்டேன்: புழுவைத் தின்னுச்சான்னு இதுக்குக் கீழேயே எழுதி வை. தின்னலைன்னாலும் எழுது.