அடிப்பக்கம் இருண்ட டிவி

என்னங்க,

சாப்பாடு மேசை மேல மூடி வெச்சிருக்கேன். சாவி செருப்பு அலமாரியில.

'டிவி முழுசா உயிரை விடட்டும், அப்புறம் புதுசு வாங்கலாம்'னு நேத்து கத்தினேன் இல்ல? இன்னிக்குக் காலையில உங்கப்பா திரையோட அடிப்பக்கத்தைத் துணியால தேய் தேய்னு தேய்ச்சுட்டிருந்தார். அங்க இருட்டடிச்சிருக்கிறதை அழுக்குன்னு நினைச்சிருக்கார், பாவம். காதும் கேக்காது, கீழ ஓடற எழுத்தைப் படிச்சுத்தானே நியூஸ் பார்ப்பார்? எழுத்து தெரியாமத்தான் 'நியூஸெல்லாம் பொய்'னு சாக்குச் சொல்லி எழுந்து போறார்.

சனிக்கிழமையே வாங்கிடலாம். எழுத்து பெருசா தெரியணும். உங்க கிரிக்கெட்டுக்காக இல்ல!

பி.கு: பழசைத் தூக்கிப் போடாதீங்க, நம்ம ரூமுக்கு ஆகும். ஹீரோவுக்குக் கால் தெரியாட்டி என்ன? பக்கத்துல உக்கார்ந்து நீங்க வாயைத் திறந்து பேசினாப் போதும்.