நீங்கள் சொன்ன 'ஓம்'

அக்கா,

இங்கே ஒஸ்லோவில், ஸ்டோவ்னர் கடைத்தொகுதியில் நேற்று ஒரு கூடை நிறைய மலிவு டிவிடிக்கள் கிடந்தன. கிளறியதில் உங்கள் படம் கையில் வந்தது. அட்டையில் உங்கள் முகம் இல்லை. மகனாக நடித்தவன் மட்டும் பனியில் நிற்கிறான். பின்பக்கம் பொடி எழுத்தில், கடைசிப் பெயராக நீங்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் படமே நீங்கள் சொன்ன ஒரு சொல்லில்தான் நிற்கிறது. அந்தச் சொல்லைக் கெடுத்தவள் நான். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது, இதை இன்றாவது எழுதிவிட வேண்டும்.

நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்ட் மீன் ஆலையில் மீன் வெட்டிய நாட்களில், கூட வேலை செய்த நோர்வேஜியப் பெண்களிடமிருந்து அமெரிக்கக் 'கண்ட்ரி' பாட்டைப் பிடித்துக்கொண்டவர் நீங்கள். மன்னாரில் தேவாலயப் பாடகர் குழுவில் பழகிய கிதார் உங்களோடே வந்திருந்தது. ஒஸ்லோவுக்கு மாறியபின் ட்வெய்ட்டாவில் ஒரு மதுக்கடை மேடையில், சேலை கட்டி, தலையில் கௌபாய் தொப்பியோடு பாடினீர்கள். நம்மவர்களின் வாய்க்கு அவல் கிடைத்தது. "கதைக்கிறவை கதைக்கட்டும். எனக்குத் தொண்டை இருக்கு" என்பீர்களாம்.

அங்கேதான் ஓர் இயக்குநர் உங்களைப் பார்த்தார். முதல் படத்தில் ரயில் நிலையத்தில் தரை துடைத்தீர்கள். இரண்டாவதிலும் துடைப்பமும் தரையும்தான். "மூண்டாவதிலும் தும்புத்தடி தந்தா அதாலையே அடிப்பன்" என்று அந்த மனிதரிடமே சொன்னதாகப் பின்னால் என்னிடம் சிரித்திருக்கிறீர்கள். மூன்றாவதில் தாய் வேடம் வந்தது.

நான் தஞ்சாவூரிலிருந்து கணினி வேலைக்கு வந்தவள். தமிழ் தெரியும் என்பதால், அந்தப் படத்தின் தமிழ் வசனங்களுக்குத் திரையில் ஓடும் நோர்வேஜிய வரிகளை எழுத அழைத்தார்கள். வீட்டை விட்டுப் புறப்பட நிற்கும் மகன், "அம்மா, நான் போகட்டே?" என்று கேட்கிறான். நீங்கள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்கிறீர்கள். பிறகு கண்ணை மூடி, "ஓம்" என்கிறீர்கள். எங்கள் ஊரில் சம்மதத்துக்கு 'ஆமாம்', இல்லாவிட்டால் 'சரி'. 'ஓம்' கோயிலில் கேட்பது. உங்கள் ஊரில் அதுதான் 'ஆமாம்' என்பது எனக்குத் தெரியாது. யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், 'தாய் பிரார்த்திக்கிறாள்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். தாய் விடைகொடுத்த மகன், என் ஒரு வரியால் சொல்லாமல் ஓடிப்போகிறவன் ஆனான்.

படத்தை நடிகர்களுக்குப் போட்டுக் காட்டிய அன்று வாசலில் என்னைப் பிடித்தீர்கள். நாம் பேசிய முதல் பேச்சே அதுதான்.

"நீரோ எழுதினது?"

"ஆமாக்கா. மந்திரம் சொல்றீங்கன்னு நினைச்சுட்டேன்."

"பிள்ளை, நான் கத்தோலிக்கச்சி. கழுத்திலை சிலுவை கிடக்கு. நான் ஏன் மந்திரம் சொல்லப்போறன்? அவனைப் போ எண்டு சொன்னனான். அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் எடுத்தது எண்டு பாத்தனீரே?"

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு இயக்குநரிடம் போனீர்கள். படச்சுருள்கள் தயாராகிவிட்டன, பிரார்த்தனையும் அழகாகத்தானே இருக்கிறது என்றார் அவர். "பிழையை இவ சொல்லுவா" என்று என்னை முன்னே தள்ளினீர்கள். இனி அழைக்கமாட்டார்களோ என்ற பயத்தில், "இரண்டு பொருளும் உண்டு" என்று மழுப்பினேன். நீங்கள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து வெளியே போனீர்கள். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

முதல் காட்சியன்று அரங்கு நிறைந்திருந்தது. அந்த இடம் வந்தது. என் வரி வெள்ளையாகத் திரையில் விழுந்ததும் முன்வரிசையில் நீங்கள் எழுந்து நின்றீர்கள். நோர்வேஜிய மொழியில், மேடையில் பாடும் குரலில் சொன்னீர்கள்: "நான் பிரார்த்திக்கவில்லை. 'யா' என்றேன்." அவர்களுக்கு அதுதான் 'ஆமாம்'. யாரோ உஷ் என்றார்கள். இன்னும் உரக்க, "யா" என்றீர்கள். அதற்குமேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து, "எழுதியவள் நான். தவறு என்னுடையது" என்றேன்.

வரியை மாற்றினார்கள். நேற்று வாங்கிய டிவிடியிலும் போட்டுப் பார்த்துவிட்டேன், 'யா' என்றுதான் இருக்கிறது. ஆனால் நான்காவது படம் உங்களுக்கு வரவேயில்லை. தொல்லை பிடித்த பெண் என்று பேசிக்கொண்டார்களாம். வருத்தமா என்று ஒருமுறை கேட்டேன்.

"மூண்டு படம் காணும் பிள்ளை, போதும். வாயை மூடிக்கொண்டு நிக்கிறதெண்டா அவைக்குப் பாட்டுக்காரி ஏன்?"

நோய் தொண்டையைப் பிடிக்கும்வரை ட்வெய்ட்டாவில் பாடிக்கொண்டிருந்தீர்கள். கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கலாம் என்று உங்கள் இறுதிச் சடங்கிலேயே ஒருவர் முணுமுணுத்தார். எதை விட்டுக்கொடுப்பது, ஒரு தாய் மகனுக்குக் கொடுத்த விடையையா என்று அவர் முகத்துக்கு நேரே கேட்டேன். நீங்கள் செய்தது சரி அக்கா. நூறு பேர் முன்னாலும் சொல்வேன்.

இப்போது மொழிபெயர்ப்பு வேலையும் செய்கிறேன். போன வாரம் ஒரு சமூக நலத்துறை அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ஏன் வேலைக்குப் போவதில்லை என்று அதிகாரி கேட்டதற்கு, யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர், "எழும்பவே பஞ்சியாக் கிடக்கு" என்றார். பஞ்சி என்றால் சோம்பல் என்று எங்கோ கேட்டிருக்கிறேன். அப்படியே மொழிபெயர்த்திருந்தால் அவருக்குக் கிடைக்கும் உதவி அன்றே நின்றிருக்கும். அவர் முகமோ வெளிறிக் கிடந்தது; உடல் களைப்பைச் சொல்கிறாரோ என்று தோன்றியது. அவரிடமே கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நீங்களும் தமிழர்தானே?"

"ஆமாம். அதனால்தான் கேட்க வேண்டியிருக்கிறது" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை அந்தப் பெண்ணின் பக்கம் திருப்பிக்கொண்டேன்.