பெருக்கிய தோப்பும் சாக்லேட் உறையும்

அன்பு மகள் யாதிராவுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழை வந்தால் முனகுகிறது. மாட்ரிட் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா? இது போனில் சொல்லி முடிகிற செய்தி இல்லை, அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து படி.

நம் சங்கத்துக் கொக்கோவை வாங்கும் சாக்லேட்காரர்கள், அது எப்படி விளைந்தது என்பதை உறையிலேயே அச்சடிக்கப் போவதாகச் சொன்னேன் அல்லவா. அதற்கு முன் ஒருவர் நேரில் வந்து பார்க்க வேண்டுமாம். நிழல் மரம் இருக்கிறதா, களைக்கு மருந்து அடிக்கிறோமா, சருகை மண்ணிலேயே விடுகிறோமா என்று. இருபத்து மூன்று குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு தோப்பைத்தான் பார்ப்பார்களாம், குலுக்கலில் நம்முடையது வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தலைநகர் கித்தோவிலிருந்து இஞ்சினியரம்மா பார்க்க வருகிறாள், வீடு குப்பையாக இருந்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பாள்? நானும் உன் அத்தை பாஸ்தோராவும் துடைப்பத்தை எடுத்தோம். முற்றத்தில் தொடங்கியது நிற்கவில்லை, நான்கு நாளில் பாதித் தோப்பைப் பெருக்கிவிட்டோம், மரத்துக்கெல்லாம் திருவிழாவுக்கு அடிப்பதுபோல் இடுப்புயரம் சுண்ணாம்பும் அடித்தோம். உன் அப்பா வாயைத் திறக்கவில்லை, திறந்திருந்தால் அவர் கையிலும் ஒரு துடைப்பம் வந்திருக்கும்.

அந்த அம்மா வந்தாள், மரத்தடியில் குந்தினாள், "சருகெல்லாம் எங்கேம்மா?" என்று கேட்டாள். நான் பெருமையாக, "நல்லாத் தேடிப் பாருங்க, ஒத்த இலை கிடைக்காது" என்றேன். சங்கத் தலைவர் அகாபித்தோ தலையில் கை வைத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொக்கோப் பூவைக் காயாக்கும் பொடி ஈ அந்தச் சருகில்தான் குடியிருக்கிறது, எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமாக நான் பெருக்காத தோப்பு அது. விருந்தாளி வருகிறாள் என்றதும் புத்தி போய்விட்டது. இருபத்து மூன்று வீட்டுச் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டேனே என்று அங்கேயே அழுதுவிட்டேன், யாதிரா.

பெருக்கினதை எங்கே கொட்டினீர்கள் என்று கேட்டாள். சமையலறைக்குப் பின்னால் ஆள் உயரம் குவித்திருந்தோம், நல்லவேளை கொளுத்தவில்லை. கையை முழங்கை வரை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்தாள். ஈரம், புழு, மக்கிப்போன பழைய இலை, வருஷக்கணக்காகப் பெருக்காத தோப்பு என்று அதுவே சொல்லிவிட்டது. சிரிக்க ஆரம்பித்தவள் வாழைக்காய் உருண்டையும் காப்பியும் வைக்கும் வரை நிறுத்தவில்லை. ஆனால் கறார்க்காரி, "உங்களை நம்புறேன், ஆனா நம்பிக்கைய நான் எழுத முடியாதே, பார்த்ததத்தான் எழுத முடியும். திரும்பப் பரப்புங்க, மூணு மாசத்துல வரேன்" என்று போய்விட்டாள். மறுநாள் காலையில் யாரையும் கூப்பிடவில்லை, மற்ற இருபத்திரண்டு வீட்டுப் பெண்களும் கூடையோடு வந்து நின்றார்கள். என்னைக் கிண்டலடித்துக்கொண்டே பரப்பினார்கள். "எடெல்மிரா, எங்க வீட்டையும் வந்து பெருக்கேன்" என்று இன்றைக்கும் விடவில்லை.

நேற்று அந்த அம்மா மறுபடி வந்தாள். தரை முழுக்கச் சருகு, கிளை கொள்ளாமல் பிஞ்சு. எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள், மகளே, நாம் தேறிவிட்டோம்! பிறகு உறையில் போட கம்பெனி அனுப்பிய வாசகத்தை அகாபித்தோ சத்தமாகப் படித்தார், நீடித்த நிலைத்த என்று என்னென்னவோ. "மருந்து பாட்டில்ல இருக்கிற மாதிரி இருக்கு, எங்களுக்கே புரியல, வாங்குறவங்களுக்கு என்ன புரியும்?" என்றாள் பாஸ்தோரா. நடந்ததையே எழுதச் சொன்னோம், கம்பெனிக்காரர்களும் போனிலேயே சரி என்றுவிட்டார்கள். இதுதான் வாசகம்: "எங்கள் தோப்பில் சருகைப் பெருக்க மாட்டோம். ஒருமுறை விருந்தாளிக்காகப் பெருக்கிவிட்டோம். எல்லாரும் சேர்ந்து திரும்பப் பரப்பினோம்." கீழே என் பெயர். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் எழுதட்டும் என்றேன், உண்மைதானே.

வேளாவேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் எரிந்து விழாதே, கர்த்தர் உங்கள் இருவரையும் காக்கட்டும். ஒன்றை மறக்காதே. சாக்லேட் அங்கே நீ வேலை பார்க்கும் கடைக்கு வந்ததும் யாராவது அதைத் திருப்பிப் படித்தால் குறுக்கே பேசாதே. கடைசி வரி வரை படிக்கட்டும், சிரிக்கட்டும். அதற்குப் பிறகு சொல், அது என் அம்மா என்று.

முத்தங்களுடன்,
உன் அம்மா எடெல்மிரா