அம்மா கையில் கொப்பளம்

அன்புள்ள அப்பா,

உனக்குப் போய்க் கடிதம் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இருந்தபோதே உனக்கு எழுத்துக்கூட்டவும் வராது. பஸ் போர்டைக்கூட என்னிடம் கேட்டுத்தான் ஏறுவாய். ஆனால் ஒன்றை உன்னிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

சுங்குவார்சத்திரம் நிறுத்தத்தில் நம் டீக்கடையை இப்போது அம்மாதான் நடத்துகிறாள். கம்பெனிக்குப் போகிறவர்கள் கேட்கிறார்கள் என்று காலையில் பஜ்ஜியும் போடுகிறாள். வேலை கிடைக்கும்வரை நான் டம்ளர் கழுவுகிறேன். யார் முகத்தையும் பார்ப்பதில்லை. என் கூச்சம் உனக்குத் தெரிந்ததுதானே.

முந்தாநாள் பஜ்ஜி வழுக்கி வாணலியில் விழுந்து, எண்ணெய் அவள் மணிக்கட்டில் தெறித்துவிட்டது. உடனே கடையில் இருந்த அத்தனை பேரும் வைத்தியர்கள்.

"இங்க் ஊத்துமா, சில்லுனு இருக்கும்," என்று ஒரு கண்டக்டர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"அத்த விடு, பேஸ்ட்டு தடவு. எங்க கம்பெனி லைன்ல அல்லாரும் அதான்," என்றார் ஷிப்டுக்குப் போகிற ஒருவர்.

"அப்ப உங்க லைன்ல பல்லு இன்னாத்துல வெளக்குறீங்கோ?" என்றார் கண்டக்டர்.

அம்மா இட்லி மாவு கேட்டாள். கல்லூரி முதலுதவி முகாமில் சொன்னது எனக்கு நினைவிருந்தது: முதலில் தண்ணீர், நிறையத் தண்ணீர், சூடு தணிகிறவரை வேறெதுவும் பூசக்கூடாது. வாய்தான் வரவில்லை. அவளை இழுத்துப்போய் டிரம் குழாயடியில் கையை நீட்டிவிட்டேன். வளையல் இருந்தால் வீங்குவதற்குள் கழற்ற வேண்டும். அந்த வேலை இல்லை. நீ போனபோதே கழற்றியாகிவிட்டது.

"வுடுடி, தண்ணி பட்டா கொப்பளிச்சிடும்," என்று திமிறினாள். எரிச்சல் தணிகிறவரை நான் விடவில்லை.

மறுநாள் புளியங்கொட்டை அளவில் கொப்பளம். "பி.எஸ்சி. படிச்சது தண்ணி ஊத்திச்சு, இன்னா ஆச்சு பாரு," என்று வருகிறவர்களிடமெல்லாம் கையைக் காட்டுகிறாள். எண்ணெய் செய்த வேலைதான் அது, எனக்குத் தெரியும். நிஜமாகத் தெரியுமா? எல்லோரும் ஒன்றையே சொல்லும்போது, முகாமில் கேட்ட பாடத்தை எவ்வளவு தூரம் நம்புவது?

கையில் கொதிக்கிற பால் கொட்டினால் நீயும் டம்ளர் கழுவும் அண்டாவுக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்பாய். டம்ளர் தேடுகிறாய் என்றுதான் அப்போது நினைத்தேன். வலிக்காகவா அப்பா? உனக்குக் கொப்பளித்ததா? ஏன் நான் பார்க்கவே இல்லை?

அம்மா கொப்பளத்தை ஊசியால் குத்தப் போனாள், தடுத்துவிட்டேன். கற்றாழையைக் கீறிக் கழுவி, அதன் சோற்றைத் தடவினேன். அதற்கு மட்டும் அவளே கையை நீட்டினாள். ஆனால் மாவும் புகையும் படாமல் தளர்வாக மூட வேண்டும். வீட்டில் இருப்பதெல்லாம் நைலக்ஸ் புடவையும் கிழிசலும். நல்ல பருத்தித் துணி ஒன்றே ஒன்றுதான், பெட்டியில் இருக்கிற உன் வேட்டி. கேட்டதும் அம்மா அந்தப் பெட்டிமேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"அவரு வேட்டிய நான் கிழிக்கச் சொல்றதா? உங்கப்பனையே கேட்டுக்கோ."

புண் சிவந்து பரவினாலோ சீழ் வைத்தாலோ, வெட்கப்பட்டு நிற்கமாட்டேன். டாக்டரிடம் நானே வாயைத் திறந்து பேசுவேன். இது சத்தியம்.

ஒரு முழம் போதும். கரைப்பக்கம் தொடமாட்டேன். கொதிக்கவைத்து, வெயிலில் உலர்த்தித்தான் கட்டுவேன். கிழித்துக்கொள்ளட்டுமா அப்பா?

உன் பெரிய பொண்ணு