உன் அப்பாவின் போனுக்கு வைத்த தட்டு

அன்பு மகள் ரூசுதானுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் இரண்டு மாடுகளும் உயிரோடும் ஓரளவு புத்தியோடும் இருக்கிறோம், புத்தியில் மாடுகள் ஒரு படி மேல். நீயும் அங்கே நெஞ்சில் சளி கட்டாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நான் பின்னிய கம்பளிக் காலுறையைப் பெட்டியில் வைக்காமல் காலில் போட்டுக்கொண்டு நலமாயிருக்கக் கடவுளை வேண்டுகிறேன். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், ஊரார் வாயால் கேட்பதைவிட என் வாயால் கேட்பது உனக்கு நல்லது. லிபானாலிக்கு நம் வீட்டு இறந்தவர்களுக்கெல்லாம் மேசை போட்டபோது உன் அப்பாவின் போனுக்கும் ஒரு தட்டு வைத்தேன். கறி வைத்துச் சுட்ட குப்தாரி ரொட்டியில் கறி அதிகமுள்ள நடுத்துண்டாகப் பார்த்து வெட்டி, பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் அராக் சாராயம் ஊற்றி, ஆறிப்போகும், சாப்பிடுங்கள் என்றும் சொன்னேன். தண்ணீருக்குப் போன சியூரி அதை சன்னல் வழியாகக் கேட்டுவிட்டாள். லமாராவுக்குப் பித்துப் பிடித்துவிட்டது, ஓதார் செத்தபின் போனைக் கட்டிக்கொண்டாள் என்று ஊரெல்லாம் பேச்சு. கட்டிக்கொள்ள நல்ல மாப்பிள்ளைதான் மகளே, குறட்டை விடுவதில்லை.

உனக்குப் பணம் வந்து சேர்ந்த அன்று, அப்பாவின் போன் எப்படியம்மா வேலை செய்தது என்று நீ கூப்பிட்டுக் கேட்டாய், நான் இருமினேன். இருமல் ஒன்றும் இல்லை, பக்கத்தில் அதே சியூரி உட்கார்ந்து என்னோடு சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள், அவள் கை சோளத்தில், காது என் கன்னத்தில். அதனால்தான் நீ இருக்கும் போலந்துக்குத் திரும்பும் லாஷாவின் கையில் பாலாடைக்கட்டியோடும் நம் உப்போடும் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டுக் கிழித்துப் போடு. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரி, ஆனால் எல்லா இடத்திலும் சிரிக்காதே.

ஆலையை மூடிவிட்டார்கள், ஊர் திரும்ப வழிச்செலவுக்குக்கூடக் கையில் இல்லை என்று நீ அழுத நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. மாட்டை விற்கிறேன் என்றால் நீ கத்துகிறாய். அப்போதுதான் உன் அப்பா சாகும் முன் அந்தப் போனை என் கையில் திணித்து, இதுக்குள்ள இருக்கறது ரூசுதான் வீடு திரும்பற வழிக்கு, வேற எதுக்கும் தொடாதே என்று சொன்னது ஞாபகம் வந்தது. எடுத்துத் திறந்தேன். திறக்கும் எண் எனக்குத் தெரியும், நம் பழைய பசு பிறந்த வருடம், என் பிறந்த வருடம் அவருக்கு ஒருநாளும் ஞாபகம் இருந்ததில்லை. உள்ளே அந்தக் கிரிப்டோ பணப்பை இருந்தது, ஆனால் அது ஒரு வட்டத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தது, நெட்வொர்க்கோடு இணைக்க முடியவில்லை என்றது, மறுபடி சுற்றியது. நான் செய்யாத வைத்தியம் இல்லை. அணைத்துப் போட்டேன், சிம்மைக் கழற்றி ஊதினேன், அராக்கில் துணியை நனைத்துத் துடைத்தேன், வைக்கோல் பரணில் ஏறி, பாதிரியார் சிலுவையைத் தூக்குவதுபோல் நாலு திசைக்கும் தூக்கிக் காட்டினேன். பரணிலிருந்து இறங்கும்போது எருக்குவியலில் இறங்கினேன், அதையும் சியூரி பார்த்தாள்.

கடைசியில் வண்டி பிடித்து மெஸ்தியாவில் போன் பழுது பார்க்கிற கோச்சாவிடம் கொண்டுபோனேன். அவன் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, போனில் கோளாறே இல்லை, மாமா இதற்கு ஒரே ஒரு வாசல்தான் வைத்திருக்கிறார் என்றான். மற்றவர்கள் பணப்பை உலகத்தில் எந்தக் கணினி கிடைத்தாலும் அதன் வழியாக நெட்வொர்க்குக்குப் போகுமாம். உன் அப்பாவுக்கு அடுத்தவன் கிணற்றுத் தண்ணீரே இறங்காதே, அடுத்தவன் கணினியை நம்புவாரா? கிரிப்டோ காசு உண்டாக்கிய தன்னுடைய இயந்திரத்தை மட்டும் கேள், வேறு யாரையும் கேட்காதே என்று பூட்டி வைத்துவிட்டார். அதை மாற்றும் கடவுச்சொல் அவரோடு மண்ணுக்குள் போயிற்று. பணப்பையை வேறு போனில் திரும்பப் பிடிக்கும் பன்னிரண்டு சொற்களை எங்கேயாவது எழுதி வைத்தாரா என்று கோச்சா கேட்டான். நம் வீட்டில் எழுதி வைத்த தாள் எதுவும் பாலாடைக்கட்டி சுற்றாமல் தப்பியதுண்டா? அவன் போனைத் திருப்பிக் கொடுத்துச் சொன்னது இதுதான்: "அத்தை, அந்த இயந்திரம் எங்க இருந்தாலும் சரி, அது முழிச்சா இந்தப் போன் தானா கண்டுபிடிச்சிரும். முழிக்கலன்னா தலைகீழா நின்னாலும் பிடிக்காது." ஆனால் அந்த இயந்திரம் விழிக்கவே கூடாது.

அதைப் பூட்டியபோது நீ இங்கே இல்லை, அதனால் முழுதாகச் சொல்கிறேன். இலவச மின்சாரம் என்று ஊரே மாட்டுக்கொட்டிலிலும் வீட்டோடு ஒட்டிய கல் கோபுரத்திலும் கிரிப்டோ காசு உண்டாக்கும் அந்த இயந்திரங்களை வைத்து ஓட்டிய காலம் உனக்குத் தெரியும். இருக்கிற மின்சாரத்தையெல்லாம் அவை குடித்துவிட, குளிர்காலம் வந்தால் ஊர் இருண்டுவிடும், பிரசவம் பார்க்க மெழுகுவர்த்தி, சவத்தின் முகம் பார்க்க மெழுகுவர்த்தி. கடைசியில் பெரியவர்கள் கூடினார்கள். எந்த அதிகாரி வந்து சொன்னாலும் தலையாட்டிவிட்டு மறுநாளே ஓட்டுகிறவர்கள்தானே நாம், அதனால் புனித கியோர்கியின் திருப்படத்தைக் கோவிலிலிருந்து வெளியே எடுத்து வந்தார்கள். வீட்டுக்கு ஓர் ஆண் வந்து அதன் மேல் கை வைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். உன் அப்பாவுக்கு எதிலும் அடுத்தவனை மிஞ்ச வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன் என் மாடு சாகட்டும் என்றான், அடுத்தவன் என் கை விழட்டும் என்றான். இவர் போய் நின்று, இனி என் வீட்டில் இது ஓடினால் என் மகள் இந்த வாசலை மிதிக்காமலே போகட்டும் என்றார். நான் வீட்டுக்கு வந்து அவரை என்ன பேசினேன் என்பதை எழுதினால் தாள் கருகும். பிறகு எல்லோர் முன்னாலும் இயந்திரத்தை நம் கோபுரத்தின் கீழறையில் வைத்துப் பூட்டி, கோவில் மெழுகை உருக்கிப் பூட்டின் மேல் ஊற்றி, சாவியைத் திருப்படத்தின் காவலரான முர்ஸகான் பெரியவரிடம், அதுதான் நம் சியூரியின் புருஷனிடம், ஒப்படைத்தார்கள்.

இப்போது என் நிலையைப் பார். நீ வீடு திரும்ப அந்தப் பணம் வேண்டும். அந்தப் பணம் வர இயந்திரம் ஓட வேண்டும். இயந்திரம் ஓடினால் நீ வீடு திரும்ப மாட்டாய். இதைவிட இறுக்கமாக ஒரு முடிச்சை எதிரிகூடப் போட முடியாது, உன் அப்பா பாசத்தில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். கோபுரத்துப் பூட்டை உடைக்கலாமா என்று ஒரு கெட்ட நேரத்தில் நினைத்தேன், நினைத்த உடனே மாடு கன்று ஈனுகிற மாதிரி அலறியது, விட்டுவிட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் லிபானாலி வந்தது. இறந்தவர்கள் வீட்டுக்கு வரும் நாட்களில் யாரும் யார் வீட்டுப் படியும் ஏறக் கூடாது, கதவைச் சாத்தக் கூடாது, குரல் உயர்த்தக் கூடாது, அவர்கள் கூடி உட்கார்ந்து இந்த வருடம் யாருக்கு என்ன என்று முடிவு செய்கிறார்கள் என்பதால் நானும் வாயைக் கட்டிக்கொண்டு நல்லவளாக இருந்தேன். கூட்டத்தோடு வந்த ஆன்மாக்களை முறைப்படி வழியனுப்பினேன். போனுக்கு வைத்த தட்டு அப்படியே இருந்தது. உன் அப்பா வரவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது, எப்படி என்று கேட்காதே, முப்பது வருடம் ஓர் ஆளோடு வாழ்ந்தால் அவர் இல்லாத அறைக்கு ஒரு சத்தம் உண்டு. அப்புறம்தான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் நொண்டி அல்லவா, நொண்டி ஆன்மாக்கள் பிந்தித்தானே வரும், அவர்களுக்குத் தனியாக இன்னொரு நாள் இருக்கிறதே. மறுபடி அடுப்பு மூட்டி, மறுபடி குப்தாரி சுட்டு, போனைத் தட்டுக்கு முன்னால் சாய்த்து வைத்துவிட்டு, அவர் சாப்பிட ஒதுங்கிக் கதவோரம் நின்றேன்.

மதியம் சாய்ந்து வெளியே பனி நீலமாக மாறும் நேரம். முதலில் சுவரோரம் கட்டியிருந்த மாடு காதைத் தூக்கியது. பிறகு எனக்கும் கேட்டது. கோபுரத்துப் பக்கத்துச் சுவருக்குள்ளிருந்து ஒரு முனகல், தேனீக்கூட்டில் காதை வைத்ததுபோல், மெதுவாக, விடாமல். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும் ரூசுதான், எத்தனையோ குளிர்காலம் அதோடு படுத்தவள் நான். மேசைமேல் போனில் சுற்றிக்கொண்டிருந்த வட்டம் நின்றது. பச்சையாக மாறியது. இணைந்தது என்று எழுதி, கீழே உன் அப்பா தன் இயந்திரத்துக்கு வைத்த பெயர், ஓதார் என்று அவர் பெயரேதான், வந்து நின்றது. கிண்ணத்து அராக்கின் மேல் சின்னச் சின்ன வளையம் ஓடியது. நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்க் கோபுரத்துக் கதவைப் பார்த்தேன். மெழுகு முத்திரை அப்படியே இருந்தது. கதவுக்கு முன்னால் பனி முழங்கால் உயரம், அதில் ஒரு குருவியின் கால்தடம்கூட இல்லை.

வழக்கத்தை மீறி முர்ஸகான் வீட்டுக்கு ஓடினேன், காலில் ஒரு செருப்பு, கையில் போன். அவர் வாசலிலேயே மறித்துக்கொண்டு நின்றார், இந்த நாளில் உள்ளே வரக் கூடாது என்றார், அதுவும் நியாயம்தான். போனை நீட்டினேன். அதில் எழுதியிருந்த பெயரைப் பார்த்ததும் மனிதர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. சிலுவை போட்டுக்கொண்டார். பெரியவரே, அவர் வந்து இயந்திரத்தை ஓட்டுகிறார், சத்தியம் உடைந்ததா இல்லையா, நான் இதை அமுக்கலாமா கூடாதா, அமுக்கினால் என் பிள்ளை வருவாளா மாட்டாளா என்று கேட்டேன், அழுதுகொண்டே கேட்டேன் என்று வைத்துக்கொள். அவர் திரும்பித் தன் மாட்டுக்கொட்டில் பக்கம் ஒரு தடவை பார்த்தார். ஊரில் எத்தனையோ வழக்குக்குத் தீர்ப்புச் சொன்ன வாய் அது. பிறகு சொன்னார்: "லமாரா, இந்த நாள்ல வர்றவங்க விருந்தாளிங்க. விருந்தாளி செஞ்ச தப்ப வீட்டுக்காரி தலையில எவனும் வைக்க மாட்டான், கியோர்கியும் வைக்க மாட்டாரு. உம் பொண்ணு வருவா. ஆனா சீக்கிரம் முடி, அவங்க பொழுது சாயறதுக்குள்ள கெளம்பிருவாங்க." இத்தனை அழகான தீர்ப்பை நான் கேட்டதே இல்லை. வீட்டுக்கு ஓடிவந்து, நீ சொல்லிக்கொடுத்த மாதிரியே உன் பணப்பையின் முகவரியைப் போட்டு, புனித கியோர்கியின் பெயரைச் சொல்லி அமுக்கினேன். போய்விட்டது என்று எழுதி வந்தது. நான் மூச்சு விடுவதற்குள் சுவருக்குள் முனகல் சட்டென்று நின்றது, விளக்கை ஊதி அணைத்ததுபோல். வட்டம் மறுபடி சுற்ற ஆரம்பித்தது, போனை அணைத்துப் பெட்டியில் வைத்தேன், பிறகு திறக்கவில்லை. தட்டைப் பார்த்தேன். குப்தாரி அப்படியேதான் இருந்தது, ஆனால் தொட்டால் கல்லாகக் குளிர்ந்திருந்தது, அடுப்பிலிருந்து எடுத்து அவ்வளவு நேரம் ஆகவில்லை. போய்வாருங்கள், படியில் பார்த்து இறங்குங்கள் என்று கதவை அகலத் திறந்து வைத்தேன். பிறகு உட்கார்ந்து அந்தத் துண்டை நானே சாப்பிட்டேன், நல்ல கறியை வீணாக்க முடியுமா?

இதை நீ யாரிடமும் சொல்லாதே, நானும் சொல்லவில்லை. முர்ஸகானும் சொல்லாதே என்று இரண்டு தடவை வந்து கேட்டுக்கொண்டார், ஊர் பயந்துவிடுமாம். அன்றிலிருந்து மனிதர் என்னிடம் தேனாகப் பழகுகிறார், விறகு வெட்டிப் போடுகிறார், என்னைப் பித்தி என்று சொன்னதற்குச் சியூரியை என் முன்னாலேயே அதட்டினார். ஆவி கண்டால் மனிதர்கள் நல்லவர்கள் ஆகிவிடுகிறார்கள், ஊருக்கு வருடம் ஒரு ஆவியாவது தேவை. ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், தீர்ப்பு தீர்ப்புதான், பயம் பயம்தான். விருந்தாளி பிழை வீட்டுக்காரிக்கு இல்லை என்று பகலில் நம்புகிறேன், அடுப்பை அணைத்துப் படுத்ததும் உன் அப்பா திருப்படத்தின் மேல் கை வைத்துச் சொன்ன அந்த வாக்கியம் காதில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நீ நம் வாசலை மிதித்து, செருப்பை எங்கேயாவது வீசி, பசிக்குதும்மா என்று கத்தும்வரை எனக்கு நிம்மதி இல்லை. அதனால் பயணச்சீட்டு மலிவாகட்டும் என்று காத்திருக்காதே, இருப்பதை எடு. விமானத்தில் குத்தாய்சியில் இறங்கினால் தெரிந்த வண்டிக்காரனோடு மட்டும் மலை ஏறு, குடித்தவனோடு ஏறாதே, பகலில் ஏறு. பாலத்தருகே பனிச்சரிவு விழுந்திருந்தால் கீழே தங்கிவிடு, வீரம் காட்டாதே, அந்தக் குணம் உனக்கு என் பக்கத்திலிருந்து வரவில்லை.

மலையும் வானமும் உனக்கு வழி விடட்டும், நீ ஏறும் வண்டியின் சக்கரத்தில் கியோர்கி கை வைத்து வரட்டும், உன்னைக் கண்டவர் முகம் மலரட்டும். என் முட்டிக்குத் தடவ அந்தப் பச்சை டப்பாத் தைலம் ஒன்று மறக்காமல் வாங்கி வா.

வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா லமாரா

இன்னொன்று எழுத விட்டுப்போயிற்று. நேற்றிலிருந்து கொட்டு கொட்டென்று கொட்டி, ஊரில் எல்லாக் கூரையும் பனியில் மூழ்கிக் கிடக்கிறது, தள்ளிவிடத்தான் ஆள் இல்லை. நம் கோபுரத்தின் கீழறைச் சுவரையே தனக்கும் பின்சுவராக வைத்துக்கொண்ட முர்ஸகானின் மாட்டுக்கொட்டில் கூரையில் மட்டும் ஒரு பொட்டுப் பனி நிற்கவில்லை, நம் இயந்திரம் ஓடிய குளிர்காலங்களில் நம் கூரை இருந்ததுபோலவே ஈரமாக ஆவி பறக்கிறது, ஊர்ப் பூனைகள் எல்லாம் அதன் மேல் கால் நீட்டிப் படுத்திருக்கின்றன.